இருமலைப் பற்றி மட்டும்

நாகர்கோவில்,
2025 டிசம்பர்

அன்பு மகனுக்கு,

வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம் என்று தோன்றியதால் காகிதத்தில் எழுதுகிறேன். வடசேரி சித்தியின் மருமகன் கையில் பார்சல் கொடுத்து அனுப்புகிறேன், அதற்குள் இது இருக்கும். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடு. அடியில் வெள்ளை அட்டைப் பெட்டியில் பிளாஸ்டிக் குழல் ஒன்று இருக்கிறது. பீக் ஃப்ளோ மீட்டர், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளப்பது. விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதே, இந்தப் பார்சலே அதற்காகத்தான்.

வீட்டில் எல்லாரும் சுகம். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், கால் வீக்கம் குறைந்திருக்கிறது. குருசடிப் பெருநாள் நன்றாக நடந்தது. மற்ற விசேஷமெல்லாம் ஜெனி சொல்லியிருப்பாள்.

போன வாரம் பேசும்போது நடுவில் நடுவில் மியூட் பண்ணினாய். கேட்டதற்குச் சிக்னல் இல்லை என்றாய். கேசுவாலிட்டியில் வேலை பார்த்தவளிடம் இதைச் சொல்லலாமா மக்களே? மியூட் எடுத்ததும் முதலில் வருகிற மூச்சிலேயே தெரிந்துவிடும், அதற்கு முன்னால் இருமினாயா இல்லையா என்று. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய், அப்புறம் சார்ஜா தூசி என்றாய், அப்புறம் விசா புதுப்பிக்க எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றாய். அந்த எக்ஸ்ரே டிபி இருக்கிறதா என்று பார்க்க எடுப்பது. டிபி இல்லை, சந்தோஷம். மூச்சுக்குழாய் சுருங்கி விரிவது எக்ஸ்ரேயில் தெரியாது. ஆஸ்துமாக்காரனுக்கு இழுப்பு இல்லாத நேரத்தில் படம் எடுத்தால் நல்ல பிள்ளை மாதிரி சுத்தமாகத்தான் இருக்கும். அதைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்தாதே.

நான் எதையும் கேட்கப் போவதில்லை. போன வருஷம் அமீரக தேசிய தின லீவு சனி முதல் செவ்வாய் வரை சேர்ந்து வந்தபோது, கூட்டாளிகளோடு ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலீசிக்குப் போனாய். கேபிள் கார் ஏறினாய், கந்தக வெந்நீரில் குளித்தாய், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி தின்றாய். இவ்வளவும் நீ சொன்னது. நீ சொல்லாதது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். ஒரு ராத்திரி ஸ்டேட்டஸில் ஒரு கோயில் படம் போட்டாய், விடிந்ததும் அதைக் காணவில்லை. கோயில் படம் என்பதால் நான் எடுத்து வைத்திருந்தேன். இந்த மாதத் தொடக்கத்தில் பி.பி.சி. காட்டிய படத்தில் அதே கோயில் வந்தது. கஷ்வேட்டி, நம் புனித ஜார்ஜியார் பேரில் உள்ளது, ருஸ்தாவேலி சாலையில் நாடாளுமன்றத்துக்கு எதிர்ப்பக்கம். உன் படத்தில் ரோடு முழுக்கத் தண்ணீர் ஓடிக் கிடக்கிறது. மழை இல்லை, குளிர்தான் என்று அன்றைக்கே நீ சொல்லியிருந்தாய்.

அந்த ராத்திரிகளில் அங்கே என்ன நடந்தது என்பதை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 கடைசி வரை தள்ளி வைக்கிறோம் என்று பிரதமர் கொபாக்கிட்ஸே நவம்பர் 28ஆம் தேதி அறிவித்தார். அன்றைக்கு ராத்திரியே ஜனங்கள் நாடாளுமன்ற வாசலுக்கு வந்துவிட்டார்கள். முகமூடி போட்ட சிறப்புப் படை, தண்ணீர் பீரங்கி, கண்ணீர்ப்புகை. சட்டையில் நம்பர் இல்லாத ஆட்கள் அடித்தால் யார் மேல் புகார் கொடுப்பது? முதல் இரண்டு வாரத்தில் 400 பேருக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். அந்த நாட்டு அரசே வைத்திருக்கிற மக்கள் குறைதீர்ப்பாளர் லெவான் யோசெலியானி லாக்கப்பில் போய்ப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேற்பட்டவர்கள் அடி வாங்கியதாகச் சொல்கிறார்கள், காயமெல்லாம் பெரும்பாலும் முகத்திலும் கண்ணிலும் தலையிலும்தான் என்று சொன்னார். இது சாதாரண விஷயம் இல்லை. கூட்டத்தைக் கலைக்க அடிக்கிற அடி காலிலும் தொடையிலும் முதுகிலும் விழும். முகத்தில் விழுவது பிடித்த பிறகு அடிப்பது. நேரலையில் பேசிக்கொண்டிருந்த ஒரு டிவி நிருபரைப் பின்னாலிருந்து அடித்து முக எலும்பை உடைத்தார்கள். கூட்டத்திலிருந்து வாணவெடி விட்டவர்களும் உண்டு, அரசாங்கம் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சும்மா கொடி பிடித்து நின்றவனுக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவனுக்கும் கிடைத்த அடிக்கு அது பதில் ஆகாது.

இனி நான் எழுத வந்த விஷயம்.

கண்ணீர்ப்புகையில் இப்போது பெரும்பாலும் அடிப்பது சி.எஸ். என்கிற சரக்கு. பேர்தான் புகை, உண்மையில் அது மெல்லிய தூள். மூச்சோடு போகும், கண் இமைக்கடியில் தங்கும், துணியில் ஒட்டும். பட்ட சில நொடியில் கண் எரிந்து மூக்கு ஒழுகி நெஞ்சு இறுகும். காற்றோட்டத்துக்கு வந்துவிட்டால் கால் மணி, அரை மணியில் அடங்க வேண்டும். இருமல் இரண்டு மூன்று நாள் இருந்தாலும் இருக்கலாம். ஒரு வருஷம் இருக்கக் கூடாது.

பி.பி.சி. சொல்வது இன்னும் மோசம். தண்ணீர் பீரங்கித் தொட்டியில் காமைட் என்கிற பழைய சரக்கைக் கலந்திருக்கலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது என்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை பயன்படுத்தியது, பாதிப்பு நெடுநாள் நிற்கிறது என்று 1930களிலேயே ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுவது. அபத்தம் என்று ஜார்ஜிய அரசு மறுத்துவிட்டது. எந்தச் சரக்கு என்ற சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஒரு குழந்தை மருத்துவர் செய்த கணக்கெடுப்பு. அவரும் அந்தத் தண்ணீரில் நனைந்தவர்தான். சுமார் 350 பேரைக் கேட்டதில், ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் தொந்தரவு நின்றிருக்கிறது: தலைவலி, அசதி, இருமல், மூச்சு வாங்குதல். பரிசோதித்த சிலரின் ஈசிஜியிலும் வித்தியாசம் இருந்திருக்கிறது. கழுவக் கழுவத் தோல் அதிகமாக எரிந்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஜனவரியில் உன் கழுத்தில் ஒரு பட்டை கறுத்திருந்ததே, புது ஷேவிங் கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாய். சரி, ஷேவிங் கிரீம்தான்.

இதே சாலையில் 1989 ஏப்ரல் 9ஆம் தேதி சோவியத் படை கூட்டத்தைக் கலைத்தபோது மண்வெட்டியாலும் புகையாலும் 20 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். என்ன புகை அடித்தோம் என்று ராணுவம் உடனே வாய் திறக்கவில்லை. வார்டில் மூச்சுத் திணறலோடு ஆள் கிடக்கிறது, டாக்டருக்கு எதற்கு மருந்து கொடுப்பது என்று தெரியவில்லை. எந்த விஷக் கேஸ் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது, என்ன குடித்தாய், பாட்டில் எங்கே என்பதுதான். பாட்டிலை மறைத்தவன் பிழைத்தது குறைவு.

அதனால் நீ எனக்குச் சொல்லாவிட்டால் போகட்டும். டாக்டரிடம் சொல்லிவிடு. நெஞ்சு நோய் டாக்டரிடம் போ, பொது டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதி அனுப்பிவிடுவார். போராட்டம், அரசியல் எதுவும் பேச வேண்டியதில்லை. ‘ஊர் சுற்றப் போன இடத்தில் தெருவில் கண்ணீர்ப்புகை பட்டது’, அவ்வளவு போதும். அதற்கு மேல் அவருக்கு வேண்டியது இதுதான்: எந்தத் தேதி, எத்தனை நிமிடம், வெறும் புகையா அல்லது நனைந்தாயா, நனைந்திருந்தால் ஈர உடுப்போடு எவ்வளவு நேரம் இருந்தாய், இருமல் அன்றைக்கே தொடங்கியதா ஒரு வாரம் கழித்தா. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அதற்கு ஒரு தனிப் பேரே இருக்கிறது, ராட்ஸ் என்பார்கள். எரிச்சலூட்டும் சரக்கை ஒரே ஒரு தடவை கனமாக இழுத்தாலே ஆஸ்துமா மாதிரி வந்துவிடுவது. ஐந்தாம் வகுப்பு வரை உனக்கு இழுப்பு இருந்ததையும் சொல், மறைக்காதே. முன்பே இழுப்பு இருந்தவன் என்றால் டாக்டர் அதை வேறு மாதிரி யோசிப்பார். நெபுலைசர் வைத்துக்கொண்டு நான் விடிய விடிய உட்கார்ந்திருந்ததெல்லாம் சொல்ல வேண்டாம்.

பி.எஃப்.டி. என்று, நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஊதச் சொல்வார்கள். போவதற்கு முன் நாலு மணி நேரம் நீல இன்ஹேலர் அடிக்காதே, அடித்துவிட்டுப் போனால் டெஸ்ட் நார்மல் என்று வந்துவிடும். முதலில் ஒரு தடவை ஊதி, மருந்து கொடுத்துக் கால் மணி கழித்து மறுபடி ஊத வைப்பார்கள். ஒரு நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும், அளவில் 200 மில்லியும் கூடினால் குழாய் சுருங்கியிருந்தது என்று அர்த்தம். நார்மல் என்று வந்தாலும் எழுந்து வந்துவிடாதே. மெத்தகோலின் என்ற மருந்தை இழுக்க வைத்துக் குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறது, அது உண்டா என்று கேள். கூடவே ஒரு ஈசிஜி எடு, பத்து நிமிட வேலை. எதுவும் இல்லை என்றால் எனக்கும் நிம்மதி.

இப்போது மீட்டர். நின்றுகொண்டு ஊத வேண்டும், கட்டிலில் சாய்ந்துகொண்டு அல்ல. முள்ளைச் சுழிக்குத் தள்ளு. நெஞ்சு நிறைய இழு. வாய்க்குழலைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டை இறுக்கி மூடு, நாக்கு ஓட்டையை மறைக்கக் கூடாது. பிறகு ஒரே ஊது, வேகமாக. நீளமாக ஊத வேண்டியதில்லை, கேக் மெழுகுவர்த்தியை அணைக்கிற வேகம் போதாது, அதற்கு மேல் வேண்டும். விரல் முள் ஓடும் பாதையில் இருந்தால் முள் நின்றுவிடும், எல்லாரும் செய்கிற தப்பு இது. மூன்று தடவை ஊதி எதில் அதிகமோ அதை எழுது. சராசரி போடாதே. காலையில் எழுந்ததும் இன்ஹேலருக்கு முன்னால் ஒன்று, ராத்திரி படுக்கும்முன் ஒன்று. இரண்டு வாரம் விடாமல். உன் உயரத்துக்கு 600ஐ ஒட்டி வர வேண்டும், 550 வந்தாலும் பயமில்லை. முக்கியம் காலைக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசம். காலையில் 420, ராத்திரி 520 என்றால் வித்தியாசம் 100, நடு எண் 470, கிட்டத்தட்ட 21 சதவீதம். இரண்டு வாரத்து வித்தியாசத்தின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் அது ஆஸ்துமா பக்கம்தான். அந்தத் தாளை டாக்டரிடம் கொடு, வாயால் சொல்வதைவிட நம்புவார். ஆபீஸில் வேறு மீட்டர் இருக்கிறது என்று மாற்றி ஊதாதே, மீட்டருக்கு மீட்டர் எண் மாறும்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பயப்படாதே. அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பு, இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். நின்ற மாதிரி தோன்றியதும் விட்டுவிடாதே. இருமல் சிரப் அனுப்பவில்லை, கேட்காதே. நம் ஊர் சிரப் சிலவற்றில் கோடீன் இருக்கும், அங்கே அது கட்டுப்பாட்டு மருந்து. ஏர்போர்ட்டில் வடசேரிக்காரன் மாட்டிக்கொண்டால் சித்தி முகத்தில் நான் முழிக்க முடியாது. சிரப்பால் இது நிற்கவும் நிற்காது.

ஜெனி சொன்னாள், ஜனவரியில் மறுபடி அங்கே போகப் போகிறாயாம். பனி பார்க்கவாம். பார், ஆனால் பனி ருஸ்தாவேலி சாலையில் விழுவதைவிடக் குடவுரி மலையில் நன்றாக விழும். (குடவுரியிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தில் படுக்காதே, போன டிசம்பரில் நம் நாட்டுப் பிள்ளைகள் பதினொரு பேர் கார்பன் மோனாக்சைடில் தூக்கத்திலேயே போனார்கள்.) ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் தாண்டியும் தினம் ராத்திரி வந்து நிற்கிறார்கள் என்று படித்தேன். அடித்த பிறகும் வந்து நிற்கிறார்கள். ஒரு மனுஷன் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியாது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. விழுந்தவனைத் தூக்கிவிடுகிற கை உன் கை, சின்னதிலிருந்தே அப்படித்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. கூடங்குளம் போராட்டத்தில் இடிந்தகரைக்காரர்களுக்கு அரிசி கொண்டு போன அப்பாவின் பிள்ளை நீ. ஆனால் அந்தக் கையோடு ஒட்டி ஒரு நெஞ்சு இருக்கிறது, அதை நான் வளர்த்தேன். நீ போய் நிற்பதால் அந்த நாட்டுக்காரனுக்கு ஒரு ஓட்டுக்கூட கூடாது. நீ மாட்டினால் அவனுடைய வக்கீலுக்கு ஒரு வேலை கூடும், அவ்வளவுதான்.

சட்டமும் அன்றைக்கு இருந்தது இல்லை இப்போது. 2024 கடைசியில் ஊர்வலத்தில் முகம் மூடினால் 2,000 லாரி (அந்த நாட்டுப் பணம்), ரோட்டை மறித்தால் 5,000 லாரி அபராதம் என்று ஏற்றினார்கள். 5,000 லாரி நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். கேமராவில் முகம் பார்த்து அபராதத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள், யாரும் கையைப் பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. 2025 பிப்ரவரியில் கோர்ட் போடும் நிர்வாகக் காவலை 15 நாளிலிருந்து 60 நாள் வரை நீட்டினார்கள். அக்டோபரில் இன்னும் இறுக்கி, முகம் மூடுவதற்கும் ரோட்டை மறிப்பதற்கும் அபராதத்துக்குப் பதில் நேராகவே 15 நாள் வரை உள்ளே, மறுபடி செய்தால் ஒரு வருஷம் வரை சிறை என்று ஆக்கிவிட்டார்கள். மாஸ்க் போட்டால் கைது, போடாவிட்டால் புகை என்பதுதான் நிலைமை. ம்சியா அமாக்லோபெலி என்று ஒரு பத்திரிகைக்கார அம்மா, ஒரு போலீஸ் அதிகாரியைக் கன்னத்தில் அறைந்ததற்கு இரண்டு வருஷம் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் என்றால் தண்டனையோடு வெளியே அனுப்பித் திரும்ப வரத் தடையும் போடலாம். அந்த முத்திரையைப் பார்த்து உன் கம்பெனி என்ன சொல்லும் என்று யோசி.

கம்பெனி இருக்கட்டும், அமீரகத்தையும் யோசி. 2024 ஜூலையில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் 57 பேர் தங்கள் ஊர் அரசாங்கத்துக்கு எதிராக அங்கே தெருவில் இறங்கியதற்கு மூன்று பேருக்கு ஆயுள், 53 பேருக்குப் பத்து வருஷம், ஒருவருக்குப் பதினொரு வருஷம் என்று தீர்ப்பு வந்தது. செப்டம்பரில் மன்னிப்புக் கொடுத்தார்கள், ஆனால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போயிற்று. அதனால்தான் ஸ்டேட்டஸை எடுத்தாய் என்றால் நல்லது, புத்திசாலித்தனம். வேறு எதற்காகவாவது எடுத்தாய் என்றால் அதுவும் உன் இஷ்டம்.

போகாதே என்று எழுதினால் போவாய். அதனால் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். சுதந்திரச் சதுக்கத்தை ஒட்டி ரூம் எடுக்காதே, விலை குறைவாக இருந்தாலும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மர்ஜானிஷ்விலி மெட்ரோ பக்கம் எடு. ஜனவரி 1 முதல் டூரிஸ்டுகளுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயமாம், 30,000 லாரிக்குக் குறையாமல். வாங்கும்போது விலக்குகள் என்கிற பக்கத்தைப் படி. கலவரத்தில் பங்கெடுத்துக் காயம் என்றால் பணம் வராது என்று பெரும்பாலான பாலிசியில் இருக்கும். இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும், ரூமில் அல்ல. கண்ணில் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடு. லென்ஸுக்கு அடியில் தூள் போனால் கருவிழியைச் சுரண்டிவிடும்.

புகை பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காதே. காற்று வருகிற திசைக்கு முகத்தைத் திருப்பி நில். பொதுவாக மேட்டுப் பக்கம் போ என்பார்கள், புகை கனம், கீழே இறங்கும். அந்த இடத்தில் மேட்டுப் பக்கம் இருப்பது நாடாளுமன்றக் கட்டடமும் அதன் ஓரத்துச் சந்துகளும். தண்ணீர் வண்டியே அங்கிருந்து வருகிறபோது மேடு என்ன செய்யும். கோயிலுக்குப் பின்னால் பூங்கா ஆற்றுப் பக்கம் இறங்குகிறது, கூட்டம் கலைவதற்கு முன்பே அந்த வழியாக நடந்து போய்விட வேண்டும். ஓடக் கூடாது, தனியாகவும் போகக் கூடாது. கண்ணை வெறும் தண்ணீரால் கழுவு, மூக்கு ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக, பத்துப் பதினைந்து நிமிடம். பால் ஊற்றாதே, அது சுத்தமானது இல்லை. வினிகர் நனைத்த துணி கட்டினால் நிற்கும் என்பதும் பேச்சுதான். வாஸ்லினும் எண்ணெய்க் கிரீமும் முகத்தில் இருந்தால் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிருக்குப் பூசிக்கொண்டு போகாதே.

தண்ணீர் பீரங்கிதான் இதில் மோசம், ஜனங்கள் அதைத்தான் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். 2010இல் ஜெர்மனி ஸ்டுட்கார்ட்டில் மரம் வெட்டக் கூடாது என்று பூங்காவில் நின்ற ஒரு வயசானவருக்கு அந்தத் தண்ணீர் நேராக முகத்தில் அடித்து இரண்டு கண்ணும் ஏறக்குறைய போனது. தண்ணீரில் சரக்கு கலந்திருந்தால் ஈர உடுப்பே மருந்துப் பற்றுப் போட்ட மாதிரி தோலோடு ஒட்டி எரித்துக்கொண்டிருக்கும். கழற்று, உடனே. பனியன், டீ ஷர்ட்டைத் தலை வழியாக உருவாதே, முகத்தில் எல்லாம் வழித்துவிடும். கத்தரியால் வெட்டு, சட்டை போகட்டும். வெட்டியதை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டு. முதலில் பச்சைத் தண்ணீரும் சோப்பும், நிறையத் தண்ணீர். எடுத்ததும் வெந்நீரில் நிற்காதே. அதற்கப்புறம் உடம்பைச் சூடாக்கு: காய்ந்த துணி, கம்பளி, நெஞ்சும் வயிறும் முதலில், கை கால் அப்புறம். சூடாகச் சர்க்கரை போட்ட டீ. அந்த ஊர்க்காரன் சாச்சா என்று ஒரு சாராயம் கொடுப்பான், குடித்தால் சூடு ஏறுகிற மாதிரி இருக்கும், ஆனால் உடம்பின் உள்சூடு குறையும். நடுங்குகிறவனைப் பற்றிக் கவலை இல்லை. நடுங்கிக்கொண்டிருந்தவன் நனைந்தபடியே நடுக்கத்தை நிறுத்திவிட்டு உளறினால் 112க்கு அடி, காத்திருக்காதே.

தலையில் அடி வாங்கியவனை இரண்டு நாள் தனியாகத் தூங்க விடக் கூடாது. வாந்தி, ஒரு கண்மணி பெரிதாவது, மூக்கில் காதில் தண்ணீர் மாதிரி ஒழுகுவது, கூப்பிட்டால் எழும்பத் தாமதிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன். தொடையிலும் முதுகிலும் நிறைய அடி வாங்கியவன் சிறுநீர் கோலா நிறத்தில் போகிறதா என்று பார்க்க வேண்டும். சதை நசுங்கினதின் கழிவு கிட்னிக்குப் போகிறது என்று அர்த்தம். வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் கிட்னிக்கு இரண்டு பக்கமும் இடி. இதெல்லாம் உனக்காக எழுதவில்லை, உன் கூட வந்தவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களில் ஒருவன் அப்போது லீவு நீட்டித்தான் என்று நீயே வாய் தவறிச் சொன்னாய்.

பிடித்துவிட்டால் சண்டை போடாதே, கையை உதறாதே, அதையே எதிர்த்தான் என்று எழுதிவிடுவார்கள். இந்தியன், தூதரகத்துக்குச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல். 1963 வியன்னா உடன்படிக்கையில் 36ஆம் பிரிவு, நீ கேட்டால் தாமதிக்காமல் சொல்லியாக வேண்டும். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். திபிலீசியிலேயே இப்போது நம் தூதரகம் இருக்கிறது, அந்த நம்பரை ஃபோனில் மட்டும் வைக்காதே, ஃபோனைத்தான் முதலில் வாங்குவார்கள். தாளில் எழுதிப் பர்ஸிலும் சாக்ஸிலும் வை. ஜார்ஜிய எழுத்தில் இருப்பதில் கையெழுத்துப் போடாதே, மொழிபெயர்ப்பாளர் கேள். போட்டே ஆக வேண்டும் என்றால் ‘எனக்கு இந்த மொழி புரியவில்லை’ என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போடு. ஜார்ஜிய இளம் வழக்கறிஞர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, இந்தக் கேஸ்களில் காசு வாங்காமல் வருகிறார்கள். காயம் இருந்தால் டாக்டர் பார்த்து எழுத வேண்டும் என்று கேள், வெளியே வந்த அன்றைக்கே இன்னொரு ஆஸ்பத்திரியிலும் எழுதி வாங்கு, ஸ்கேல் வைத்துப் படம் எடு. மூன்று நாள் போனால் நீலம் மஞ்சளாகிவிடும், கீழே விழுந்தான் என்று சொல்லிவிடலாம். ஃபோனுக்கு விரல்ரேகையும் முகமும் வேண்டாம், ஆறு எண் போடு. மற்றவர் முகம் தெரிகிற படம் எடுக்காதே. நீ எடுத்த படம் போலீஸ் கைக்குப் போனால் யாருக்கோ 15 நாள்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், நான் கேட்க நினைத்தது எதையும் எழுதவில்லை. போகட்டும். அப்பாவிடம் மீட்டர் பற்றிச் சொல்லவில்லை. பார்சலில் என்ன என்று கேட்டார், பலகாரம் என்றேன்.

ஒன்று மட்டும் செய். காலையில் ஊதியதும் அந்த எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. ராத்திரி எண்ணையும் போடு. வெறும் எண், வேறு ஒரு எழுத்து வேண்டாம், குட்மார்னிங்கூட வேண்டாம். நான் இங்கே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். 300க்குக் கீழே வந்தால் எண் போடாமல் நேராகக் கூப்பிடு, எந்த நேரமானாலும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கிடைக்கும் என்று வடசேரிக்காரன் சொன்னான், அவனையே கூட்டிக்கொண்டு போ, அவனுக்கு எதுவும் தெரியாது.

முந்திரிக்கொத்து பத்து நாளைக்குத் தாங்கும், டப்பாவை இறுக்கி மூடு.

அம்மா